மலிவு செயின் கட்டர்: தள்ளுற பின் (ஊசி) வளைஞ்சு போகுது

கேள்வி (ஒட்டுசுட்டான்):
மலிவு செயின் கட்டரால (செயின் ஆணியைத் தள்ளிக் கழட்டுற கருவி) மோட்டச்சைக்கிள் 428 அளவுச் செயினைக் கழட்டப் போனா, கட்டரில தள்ளுற பின் வளையுது. வேற வழி இருக்கோ?

பதில் (கிளிநொச்சி):
கட்டரை மட்டும் குறை சொல்லேலாது அண்ணை. முதல்ல செயின் றிவெற் (இணைப்பு ஆணி) தலையைக் கிரைண்டரால பக்கத் தகட்டோட மட்டமா உரசிப்போடுங்கோ. பிறகு கட்டர் பின்னை றிவெற்றின்ர நேர் நடுவில வைச்சு, கட்டர் போல்ற் புரிக்குக் கிறீஸ் பூசி, மெதுவா முறுக்கோணும். சாய்ஞ்சா விலை கூடின கட்டரும் முறியும்.

பதில் (மாங்குளம்):
ஓ-றிங் செயின் (இணைப்புகளில றப்பர் வளையம் உள்ளது) எண்டா கழுவப் பெற்றோலும் கம்பிப் பிறஷும் வேண்டாம், றப்பர் போயிடும். மண்ணெண்ணெய், நைலோன் பிறஷ், துடைச்சுப்போட்டு 90 நம்பர் கியர் ஒயில் விடுங்கோ. செயினுக்குக் கிறீஸ் பூசினா கிரவல் புழுதி அப்பி அரம் மாதிரித் தேய்க்கும்.

பதில் (கிளிநொச்சி):
லொக் கிளிப் (செயின் முனைகளைச் சேர்க்கிற லிங்கைப் பூட்டுற கிளிப்) போடேக்க மூடின பக்கம் செயின் ஓடுற திசைக்கு. மாறினா கழண்டு விழும். பழைய கிளிப் இளகியிருக்கும், புதுசு போடுங்கோ.