.458 குறைந்த உதைப்பு லோடு: குண்டு பக்கவாட்டில் விழுகிறது, உதவி தேவை

டாப்எண்ட்_குமரன்
அவசரம். சனிக்கிழமை மறுபடி ரேஞ்சுக்குப் போகிறேன். எருமை வேட்டைக்கென்று வாங்கிய .458 ரைபிளுக்குப் பயிற்சிக்காக, சுட்ட கேஸில் (பித்தளைக் கூட்டில்) ஈயக் குண்டு வைத்து, வெடிமருந்தைக் குறைத்து நானே ரீலோட் செய்தேன். உதைப்பு அருமையாகக் குறைந்துவிட்டது. ஆனால் 50 மீட்டரில் அட்டையில் வட்டத் துளையே இல்லை, எல்லாம் நீளவாட்டில் கிழிந்திருக்கிறது. இரண்டு குண்டு அட்டையிலேயே படவில்லை. பவுடரை மாற்ற வேண்டுமா? கடைத் தோட்டா வாங்கிப் பழகக் கட்டுப்படியாகாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஈயப்பித்தன்
எந்த .458? வின்செஸ்டர் மேக்னமா, லாட்டா? குண்டின் எடை, விட்டம், எந்தப் பவுடர், கேஸ் செக் (gas check) உண்டா, எதுவுமே இல்லையே. அதாவது குண்டின் அடியில் செம்புத் தொப்பி உண்டா என்று கேட்கிறேன்.

பழைய_துவக்கு
தம்பி, முதலில் ஒரு ரீலோடிங் புத்தகம் வாங்கி வாசியும். அதை வாசித்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்தால் குண்டின் சுழற்சி குறையும், சுழற்சி குறைந்தால் குண்டு புரளும். மருந்தைக் கூட்டினால் சரியாகிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

அடிலெய்டு_ஆனந்த்
குமரன், மருந்தைக் கூட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் போட்ட பவுடர் 2206-ஆ, 2206எச்-ஆ, அல்லது வேறு ஏதாவதா? ஏஆர்2206, ஏஆர்2206எச் இரண்டும் ஒன்றல்ல. டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள்.

டாப்எண்ட்_குமரன்
வின்செஸ்டர் மேக்னம்தான். 405 கிரெய்ன் எடையுள்ள ஈயக் குண்டு, .45-70 தோட்டாவுக்கு விற்பது, கேஸ் செக் இல்லை. பெட்டியில் விட்டம் .459 அங்குலம் என்று போட்டிருக்கிறது. பவுடர் 2206எச். அளவு இத்தனை (நெறியாளர் நீக்கினார்: கிரெய்ன் கணக்கை இழையில் போட வேண்டாம், யாராவது அப்படியே எடுத்துப் போட்டுவிடுவார்கள்).

அடிலெய்டு_ஆனந்த்
சரி, பவுடரில் தப்பில்லை. ஏஆர்2206எச்-ஐத்தான் அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் எச்4895 என்று விற்கிறது, இரண்டும் ஆஸ்திரேலியாவின் மல்வாலா ஆலையில் இருந்து வருகிற சரக்கு. அவர்கள் அட்டவணையில் உங்கள் தோட்டாவுக்கு உள்ள உச்ச அளவின் 60 சதவீதம் என்ற அளவு வரை இறங்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இது அந்தப் பவுடருக்கு மட்டும். மற்றவற்றில் இப்படி இறங்கினால் ஆபத்து. எச்110 பவுடரை எடுத்துக்கொண்டால் 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று எச்சரிக்கிறார்கள். உங்கள் அளவு அந்த 60-க்குக் கீழே போகவில்லை என்று மட்டும் சரிபாருங்கள்.

கானகத்_தம்பி
டிரெயில் பாஸ் பவுடர் போடுங்கள், கேஸ் நிரம்பி வரும், இரண்டு தடவை கொட்ட வழியே இல்லை. ஈயக் குண்டுக்கென்றே செய்தது.

ஈயப்பித்தன்
கிடைத்தால்தானே போடுவார்? நான் கடை கடையாய்க் கேட்டுச் சலித்துவிட்டேன்.

மெல்பர்ன்_மணி
நான் .458-க்கு பிஸ்டல் பவுடர்தான் போடுகிறேன். சின்னக் கரண்டி அளவு போதும், மேலே கொஞ்சம் டேக்ரான் (பாலியெஸ்டர்) பஞ்சு. ஒரு டப்பா வருஷக் கணக்கில் வருகிறது. குமரன் பஞ்சு வைத்திருந்தால் குண்டு புரண்டிருக்காது.

அடிலெய்டு_ஆனந்த்
மணி, அந்தப் பெரிய கேஸில் அந்தச் சின்ன அளவு தவறி இரண்டு முறை விழுந்தால் எட்டிப் பார்த்தால்கூடச் சட்டென்று தெரியாது. அப்படி ஒன்றைச் சுட்டால் துப்பாக்கி போகும், விரலும் போகும். பஞ்சு வைப்பதால் சேம்பரில், அதாவது தோட்டா அமரும் அறையில், வளையமாகப் பள்ளம் விழுந்த துப்பாக்கிகளும் உண்டு.

மெல்பர்ன்_மணி
வளையம் விழுவது தானிய மாவு மாதிரி கனமான நிரப்பியால். டேக்ரான் அப்படி இல்லை. நான் ஒவ்வொரு கேஸையும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் குண்டு வைப்பேன்.

அடிலெய்டு_ஆனந்த்
டேக்ரானாலும் விழும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பவுடர் நன்றாகப் பற்றிக்கொள்கிற வகை என்றால் பஞ்சே வேண்டாம். வேண்டாத ஒன்றை எதற்கு உள்ளே வைப்பது?

ரைஸ்புல்லட்
ஏன் இவ்வளவு சிரமம்? ஒரு .22 வாங்கிப் பழகினால் போதாதா? ஒரு குண்டு சில்லறைக் காசு.

கானகத்_தம்பி
.22-இல் குறி பழகும், தோள் பழகாது. அதே டிரிகர், அதே ஸ்கோப், அதே கட்டை வேண்டும். 500 கிரெய்ன் முழு லோடு சாதாரண .308-ஐப் போல மூன்று மடங்கு உதைக்கும். அதை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் டிரிகரை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும். நடுவில் ஒரு படி வேண்டும், அதற்குத்தான் இந்தக் குறைந்த லோடு.

ரைஸ்புல்லட்
ஸ்னாப் கேப் (போலித் தோட்டா) போட்டு வீட்டிலேயே வெறும் டிரிகர் இழுத்துப் பழகலாம். அதற்குச் செலவே இல்லை.

ஈயப்பித்தன்
அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும். தனி இழை தொடங்குங்கள் ஐயா.

குமரனுக்கு: பழைய துவக்கு அண்ணன் சொல்லும் சுழற்சிக் கணக்கு இங்கே பொருந்தாது. 1873-இல் வந்த ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளில், குண்டைச் சுழற்றும் பேரல் வரி 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அதில் இதே 405 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,300 அடியைச் சுற்றிய வேகத்தில் நேராகத்தான் போனது. .458 வின்செஸ்டரில் 14 அங்குலத்துக்கே ஒரு சுற்று. தேவைக்கு மேலேயே சுழல்கிறது. எனக்குச் சந்தேகம், குண்டு பேரலின் வரியைப் பிடிக்கவே இல்லை.

மூன்று கேள்வி. சுட்ட பிறகு பேரலுக்குள் வெள்ளி நிறத்தில் கோடு கோடாக ஈயம் ஒட்டியிருக்கிறதா? குண்டை அமர்த்தும்போது கேஸ் வாயில் மெல்லிய ஈயச் சுருள் வருகிறதா? உங்கள் டை செட்டில் (கேஸைச் சீராக்கிக் குண்டு அமர்த்தும் அச்சுகள்) எத்தனை டை?

பழைய_துவக்கு
முப்பது வருஷமாய்ச் சுடுகிறேன். எனக்கு அங்குலக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டாப்எண்ட்_குமரன்
பேரலில் ஈயம் இருக்கிறது, நிறைய. சுருளும் வருகிறது, அது சாதாரணம் என்று நினைத்தேன். டை செட் செகண்ட் ஹேண்ட். இரண்டு டை, சைஸிங், சீட்டிங்.

ஈயப்பித்தன்
அகப்பட்டது. .458-இன் கேஸ் நேர்க் கேஸ், பாட்டில் கழுத்துக் கிடையாது. அதற்கு மூன்று டை. நடுவில் வரும், கேஸ் வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் உங்களிடம் இல்லை. சைஸிங் டை கேஸை இறுக்கிவிடுகிறது, நீங்கள் வாயை விரிக்காமல் மெத்தென்ற ஈயத்தை உள்ளே திணிக்கிறீர்கள். ஓரம் சீவிப் போகிறது, மிச்சமும் நசுங்கி விட்டம் குறைகிறது. பேரலை விடச் சின்னக் குண்டு என்றால் பக்கத்தில் சூடான வாயு பீறிட்டு ஈயத்தை உருக்கித் தடவும், குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கும், வெளியே வந்து புரளும்.

சந்தேகம் இருந்தால் புல்லர் சுத்தியலால் ஒரு தோட்டாவைப் பிரித்து, குண்டை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். .459 இருக்காது.

எக்ஸ்பாண்டர் வாங்கும்போது ஈயக் குண்டுக்கென்று உள்ளதைக் கேளுங்கள், லைமன் எம் டை மாதிரி. செம்பு உறைக் குண்டுக்கு ஏற்ற எக்ஸ்பாண்டர் ஈயத்துக்குக் கொஞ்சம் இறுக்கம்தான். வாய் லேசாக மலர்ந்தால் போதும், அதிகம் மலர்த்தினால் கேஸ் வாய் சீக்கிரம் விரிசல் விடும். குண்டு அமர்ந்த பிறகு கிரிம்ப் போட்டு வாயை நேராக்கிவிடுங்கள்.

அடிலெய்டு_ஆனந்த்
இதோடு பேரலையும் அளந்துவிடுங்கள். எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயத் துண்டை உள்ளே தட்டி மறுபக்கம் எடுத்து, வரிப் பள்ளத்தின் விட்டத்தை அளக்க வேண்டும். குண்டு அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காவது பெரிதாக இருக்கட்டும். ஈயத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலும் சுடாதீர்கள். சுத்தச் செம்புப் பாத்திர நார் பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தால் வந்துவிடும். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு.

இன்னொன்று. குறைந்த லோடில் சத்தம் எப்போதாவது மந்தமாகக் கேட்டால் அங்கேயே நிறுத்தி, போல்ட்டை எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள். குண்டு நடுவில் நின்றிருக்கலாம்.

கோவை_வேட்டைநாய்
அருமையான இழை. இதை இங்கே கோவையில் செய்யலாமா? தாத்தாவின் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது.

ஈயப்பித்தன்
செய்யாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்ஸ் அதற்குப் போதாது.

மெல்பர்ன்_மணி
பஞ்சு விஷயத்துக்கு வருவோம். வளையம் விழுந்த சேம்பரை நேரில் பார்த்தவர் இங்கே யாராவது உண்டா? கேள்விப்பட்டது வேண்டாம்.

டாப்எண்ட்_குமரன்
பிரித்து அளந்தேன், .455. எக்ஸ்பாண்டர் வந்துவிட்டது, பேரலையும் சுத்தம் செய்தேன். இப்போது 50 மீட்டரில் வட்டத் துளை, ஐந்தும் உள்ளங்கைக்குள். முழு லோடை விடக் கீழே அடிக்கிறது, ஸ்கோப்பைத் தொடவில்லை. நன்றி ஈயப்பித்தன், ஆனந்த்.

பழைய_துவக்கு
மருந்தையும் கூட்டியிருப்பீர்.

அடிலெய்டு_ஆனந்த்
மணி, நான் பார்த்திருக்கிறேன். .45-70 ஒன்று. சுட்ட கேஸ் வெளியே வராமல் கழியால் தட்டித்தான் எடுத்தார்கள்.

மெல்பர்ன்_மணி
அதில் எந்தப் பவுடர், எவ்வளவு பஞ்சு?