16 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது?

தக்கலை வாத்தியார்:
16 மணி நேரம் பட்டினி கிடந்தால் செல்கள் தம் கழிவைத் தாமே தின்றுவிடும் என்றும், அதற்காகவே ஒரு ஜப்பானியருக்கு நோபல் கிடைத்தது என்றும் குளச்சல்காரர் நேற்று இங்கே எழுதியிருக்கிறார். யோஷினோரி ஓசுமி 2016இல் பரிசு பெற்றது, செல் தன்னைத்தானே தின்னும் இந்த 'ஆட்டோஃபேஜி'யை ஈஸ்ட்டில் ஆராய்ந்ததற்காக. அவர் எந்த மனிதரையும் பட்டினி போடவில்லை.

குளச்சல்காரன்:
தவக்காலம் முழுவதும் 16 மணி நேரம் உண்ணாமலிருந்து உடம்பு லேசானதை அனுபவித்தவன் நான். ஈஸ்ட்டும் செல்தானே, சார்? பட்டினியில் அது தின்றதா, இல்லையா?

தக்கலை வாத்தியார்:
தின்றது, அதில் உம்முடைய 16 எங்கே இருக்கிறது? செரிக்கும் நொதிகள் குறைபட்ட ஈஸ்ட்டைச் சத்தில்லாத கரைசலில் விட்டு ஓசுமி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில மணி நேரத்திலேயே ஈஸ்ட்டின் செரிமானப் பையான வாக்குவோலுக்குள், அது தின்ற சிறு உருண்டைகள் செரிக்கப்படாமல் குவிந்து அசைந்துகொண்டிருந்தன. நம் செல்லில் பழுதான பகுதியைச் சுற்றி இரட்டைச் சவ்வு வளர்ந்து பையாக மூடிக்கொள்ள, அந்தப் பை செரிக்கும் நொதிகள் கொண்ட லைசோசோமோடு இணைந்து, உள்ளே சிதைந்ததிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்கள் மறுபடியும் செல்லின் பயன்பாட்டுக்கே வருகின்றன. பட்டினியில் இது கூடும் என்பது உண்மையே. ஆனால் நீர் மரச்சீனியும் சாளைக் குழம்பும் உண்டு ஏப்பம் விடும்போதும் இது ஓரளவு நடந்துகொண்டேதான் இருக்கிறது.

மார்த்தாண்டம் அக்கா:
மணக்குடிக் காயலில் கதம்பலை, அதாவது தேங்காய் மட்டையை, அழுகப் போட்டு நார் எடுப்பதைப் போன்றது என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

தக்கலை வாத்தியார்:
தவறு. கதம்பல் மாதக்கணக்கில் ஊறும். அதன் நாற்றமும் கழிவும் காயலுக்கே போகும். செல்லில் எல்லாம் பைக்குள்ளேயே முடிகிறது.

மார்த்தாண்டம் அக்கா:
ஓர் உவமைக்கு இத்தனை கோபமா? கருப்பட்டி விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாய்ந்தீர்கள்.

சுசீந்திரத்தான்:
லைசோசோம் ஒரு 'தற்கொலைப் பை' என்று பத்து மதிப்பெண்ணுக்கு எங்களை எழுத வைத்தவர் நீங்கள்தானே, சார்? அதை 1950களில் கண்டறிந்து 1974இல் நோபல் பெற்ற டி டூவின் பெயரை அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.

தக்கலை வாத்தியார்:
பாடநூலில் இருந்ததைக் கற்பித்தேன். நீர் அந்தப் பத்தில் எத்தனை வாங்கினீர் என்பதை இங்கே எழுதட்டுமா? டி டூவும் 16 மணி நேரம் என்று சொல்லவில்லை.

குளச்சல்காரன்:
அப்படியானால் மனிதருக்கு எத்தனை மணி நேரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தக்கலை வாத்தியார்:
உறுப்புக்கு உறுப்பு மாறும். உயிரோடிருக்கும் மனிதரில் அதை நேரடியாக அளப்பதே கடினம்.

குளச்சல்காரன்:
ஆகவே 16 இல்லை என்று உங்களாலும் சொல்ல முடியவில்லை. மகிழ்ச்சி.

தக்கலை வாத்தியார்:
16 என்று முதலில் எழுதியவர் நீர். சான்று காட்ட வேண்டியவரும் நீரே.