புது கேமரா வாங்கிய கையோடு கடற்கரைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
மாசிக் கடைசி. ஒன்பது வருடம் உழைத்த நிக்கான் டி5100-ஐ மதுரையில் கொடுத்துவிட்டு, மேலே காசு போட்டு, செகண்ட் ஹேண்டில் டி750 வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஃபுல் ஃபிரேம், அதாவது படம் பதிகிற சென்சார் பெரிது என்ற பெருமை வேறு. ராமேஸ்வரத்தில் ஏசி ரூம். ராத்திரி முழுக்க கேமரா ஏசிக்கு நேரே மேஜையில். விடியும் முன்னே ஆட்டோ பிடித்து கோதண்டராமர் கோயில் பக்கம் போய்விட்டேன். பூநாரைகள் இருநூறு இருக்கும், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. கேமராவைக் கண்ணில் வைத்தால் வெறும் வெள்ளை. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லையோ என்று பார்த்தேன் (மூடி இருந்தால் கறுப்பாகத்தானே தெரியும், அந்தப் புத்தி கூட இல்லை). கண்ணாடி முழுக்க ஆவி. சட்டை நுனியால் துடைக்கத் துடைக்க மறுபடி படிகிறது.

"அண்ணே, கிளம்புது அண்ணே" என்றார் ஆட்டோத் தம்பி. நாய் ஒன்று தண்ணீரில் இறங்கிவிட்டது. மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் எழும்பியது. இறக்கை விரியும்போதுதான் அந்தச் சிவப்பு தெரியும், பார்த்தவர்களுக்குப் புரியும். என் கார்டில் இருப்பது பாலில் ரோஸ்மில்க் எசன்ஸ் ஊற்றிய மாதிரி 11 படங்கள். தம்பி போனில் எடுத்தது பளிச்சென்று இருந்தது.

கீழக்கரையான்:
எனக்கு ஆவி இல்லை, சத்தம். என்னிடம் பழைய 50 எம்எம் 1.8டி லென்ஸ் உண்டு. அதற்குள் மோட்டார் கிடையாது, அதனால் என்னிடமும் இருந்த டி5100-இல் கையால்தான் ஃபோகஸ் திருப்ப வேண்டும். டி7200-இல் பாடியிலேயே, அதாவது கேமரா உடம்பிலேயே, மோட்டார் இருக்கிறது என்று மாறினேன். முதல் வேலை சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். சம்மதம் சொல்லப்போகிறார் என்று எல்லாரும் மூச்சு விடாமல் மாப்பிள்ளை வாயையே பார்க்கிறார்கள், நான் பட்டனை அழுத்துகிறேன், கர்ர்ர் கர்ர்ர். மாப்பிள்ளையே திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். படம் நல்ல ஷார்ப். "காக்கா, மெஷினு கொண்டாந்தியளா?" என்று இன்னும் கேட்கிறார்கள் (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்).

டெலி300:
உப்புக்காற்று, ஆவியை விடுங்கள். பறவைக்கு எதற்கு டி750? பழைய 55-300 லென்ஸைத்தானே மாட்டியிருப்பீர்கள்? அது டிஎக்ஸ் லென்ஸ், சின்ன சென்சாருக்குச் செய்தது. டி750-இல் மாட்டினால் நடுத்துண்டை மட்டும் வெட்டி எடுக்கும், ஏறத்தாழ 10 மெகாபிக்சல்தான் மிஞ்சும். உங்கள் பழைய டி5100-லேயே 16 இருந்தது. காசு கொடுத்துக் கீழே இறங்கியிருக்கிறீர்கள். கீழக்கரைக்காரர் வாங்கிய டி7200 என்றால் 24.

ஆவிக்கும் சொல்லிவிடுகிறேன். ஏசி ரூமில் இருக்கும்போதே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடுங்கள். வெளியே வந்து அரை மணி நேரமாவது திறக்கவே கூடாது. ஈரம் கவர்மேல் படியும், லென்ஸ் தப்பிக்கும். சட்டையால் துடைத்தீர்கள் பாருங்கள், அதில் உப்பு இருக்கும், கண்ணாடிப் பூச்சு போச்சு. வீட்டுக்கு வந்ததும் பாடியை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் காய்ந்த துணி. சென்சாரை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பெண் கடல் (அமைதியான வங்கக் கடல்) பக்கம் காற்று படுத்திருக்கிறதே என்று நம்பி ஆண் கடல் (கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா) பக்கம் போய் லென்ஸ் மாற்றக் கூடாது. நான் சோளகக் காற்றில் (தெற்கிலிருந்து வீசுவது) தனுஷ்கோடி கோடியில் இருக்கும் அரிச்சல்முனையில் மாற்றினேன். உள்ளே மணல் போய்விட்டது. ஜூம் வளையம் இன்றைக்கும் நறநற.

பாம்பன் வாசி:
இங்கே எல்லாரும் மெஷின் கதை. நான் கேனான் 1200டி-யிலிருந்து 90டி-க்குப் போனேன், 18 மெகாபிக்சலிலிருந்து 32.5. பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கிற ஆத்தா ஒருவர், போன வருடமும் அவரைத்தான் எடுத்தேன். விரல்களில் துணிக்கிழிசல் சுற்றியிருக்கும், பாறை கிழிக்காமலிருக்க. கரையேறி மூக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்த முக்குளிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியதும் கிளிக். கண்ணைச் சுற்றி வளையமாகப் பதிந்த தடம், இமையில் நிற்கிற உப்புநீர், எல்லாம் விழுந்திருந்தது. பெரிதாக்கி ஆத்தாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "போன வருசம் எடுத்தியே, அதுல ஆளு இருந்தேன். இதுல தோலுதான் இருக்கு" என்றார். ஈரக் கையோடு கோணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

டெலி300:
அதற்கு லென்ஸ் திறப்பைக் கொஞ்சம் கூட்டி, ஷார்ப்னஸைக் குறைத்திருக்கலாம்.

பாம்பன் வாசி:
அண்ணே, அதை நான் கேட்கவே இல்லையே.

உப்புக்காற்று:
டெலி அண்ணே, அதே 55-300தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை, வயிறு எரிகிறது. ஆட்டோத் தம்பி அன்றைக்கே வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினார். அவர் டிபியில் இப்போதும் அந்தப் பூநாரைகள்தான். ஓரத்தில் சட்டையால் கேமராவைத் துடைத்துக்கொண்டு நானும் நிற்கிறேன்.