புது பிக்கப்பில் கிரவுன் ஆயில் அளவு பார்ப்பது எப்படி? மூக்குப் பக்கம் கசிவு தெரிகிறது

ஒட்டன்சத்திரம் சரக்கு

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை டன் டீசல் பிக்கப் புதிதாக எடுத்திருக்கிறேன். பின்சக்கர இழுவை, பின்னால் பட்டை ஸ்பிரிங். மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி உடுமலை, மறையூர் வழியாக மூணாறுக்கு ஓட்டுகிறேன். முதல் சர்வீஸ் முடிந்துவிட்டது.

நேற்று கீழே குனிந்து பார்த்தபோது பின் அச்சின் நடுவில் கிரவுன் பல்சக்கரம் இருக்கிற உருண்டை ஹவுசிங்கின் மூக்கில், அதாவது முன்பக்கம், ஜாயிண்ட் ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பிக் கறுப்பாக இருந்தது. தரையில் சொட்டு எதுவும் இல்லை. சர்வீஸ் பில்லில் இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும்தான் இருக்கின்றன, கிரவுன் ஆயில் பற்றி ஒரு வரி கூட இல்லை. கேட்டால், "அது கம்பெனியிலேயே நிரப்பி வருவது, இப்போது தொட வேண்டாம்" என்கிறார்கள்.

இதற்கு இன்ஜின் மாதிரி அளவுக் குச்சியும் இல்லை. அப்படியானால் எப்படிப் பார்ப்பது? குறைந்திருந்தால் எந்த ஆயில் ஊற்றுவது? பக்கத்துக் கடையில் 90 ஆயில் லூசில் தருகிறார்கள், அது போதுமா? நானே பிளக்கைத் திறந்தால் வாரண்டி போய்விடுமா? மலையில் சுமையோடு ஏறுகிற வண்டி, தவணையும் இதை நம்பித்தான் ஓடுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்ககிரி பட்டறை

தம்பி, குனிந்து பார்த்தீர்களே, அதுவே நல்ல பழக்கம். கிரவுன் சத்தம் போட ஆரம்பித்த பிறகுதான் முக்கால்வாசிப் பேர் கீழே பார்க்கிறார்கள்.

ஹவுசிங்கில் பெரும்பாலும் இரண்டு பிளக் இருக்கும். அடியில் இருப்பது வடிக்க. பாதி உயரத்தில் பின்மூடியிலோ பக்கத்திலோ இருப்பது ஊற்ற. ஊற்றுகிற துளையின் கீழ் விளிம்புதான் அளவு. எண்ணெய் அந்த விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். சில கம்பெனிகள் விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே நிற்கலாம் என்று எழுதியிருப்பார்கள், உங்கள் கையேட்டில் பாருங்கள்.

வண்டியை வெறும் வண்டியாக, சமதரையில் இரவு நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள். ஓடி வந்த சூட்டில் எண்ணெய் விரிந்திருக்கும். பல்லிலும் சுவரிலும் ஒட்டியிருப்பது கீழே இறங்கவும் நேரம் வேண்டும். பின்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்க்காதீர்கள். ஹவுசிங் சாய்ந்துவிட்டால், துளை எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து அளவு கூடவோ குறையவோ காட்டும். பிக்கப் உயரத்துக்கு ஜாக்கி இல்லாமலே உள்ளே படுத்துவிடலாம். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

பிளக்கைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்த பிறகு திறக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியில் இருக்கிற மண் உள்ளே பேரிங்கில்தான் போய் உட்காரும். அப்புறம் சுண்டு விரலை உள்ளே விட்டு கீழ்ப்பக்கமாக மடக்குங்கள். எண்ணெய் எங்கே தொடுகிறது என்று கைக்கே தெரிந்துவிடும்.

அளவு பார்க்க அடி பிளக்கைத் தொட வேண்டிய வேலையே இல்லை. பின்னாளில் ஆயில் மாற்றும்போதும் மேல் பிளக் கழன்று வருகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் கீழ் பிளக்கில் கை வைக்க வேண்டும். அடியைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் பிளக் மண்டை வழுக்கிப்போய் வண்டியை டோ செய்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம். தேவையானால் ஊற்றலாம், ஆனால் எங்கே போனது என்று பார்க்காமல் ஊற்றாதீர்கள். இன்ஜின் ஆயில் மாதிரி கிரவுன் ஆயில் எரிந்து குறையாது. மூடிய பெட்டி. குறைந்திருந்தால், ஒன்று வெளியே போயிருக்கிறது, அல்லது ஆரம்பத்திலேயே குறைவாக ஊற்றியிருக்கிறார்கள்.

பல்லடம் கோழிவண்டி

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நான் கோழி ஏற்றுகிறேன், ராத்திரி பகல் ஓட்டம். குறைந்தால் 90 ஆயில் அரை லிட்டர் ஊற்றிவிட்டு ஓடிக்கொண்டே இருப்பேன். விளிம்புக்கு மேல் கொஞ்சம் கூட இருந்தாலும் கிரவுனுக்கு நல்லதுதானே?

சங்ககிரி பட்டறை

நண்பா, கூட ஊற்றுவது நல்லதில்லை. கிரவுன் எண்ணெயில் முங்கிச் சுற்றினால் கடைந்து நுரை கிளப்பும். நுரையில் காற்றுதான் அதிகம், பற்களுக்கு நடுவில் படலம் நிற்காது. சூடு ஏறும், உள் அழுத்தமும் ஏறும், கடைசியில் எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் வளையமான சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அச்சு முனையில் இருக்கிற சீல் வழியாக வந்தால் பிரேக் டிரம்முக்குள் போய் லைனரை நனைத்துவிடும். சுமை வண்டியில் ஒரு பக்க பிரேக் பிடிக்காமல் போவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குறைவாக ஓடுவது அதைவிட மோசம். கிரவுனின் அடிப்பகுதி மட்டும்தான் எண்ணெயில் நனைகிறது. அது சுற்றும்போது அள்ளித் தெறிப்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் எண்ணெய். கிரவுனைச் சுற்றவைக்கிற சின்னப் பல்சக்கரம்தான் பினியன், அதன் முன் பேரிங் மூக்கில் இருக்கிறது. தெறித்த எண்ணெய் வார்ப்பில் விட்டிருக்கிற சின்ன வாய்க்கால் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். மேடு ஏறும்போது மூக்கு மேலே தூக்கும், எண்ணெய் பின்பக்கம் ஓடிவிடும். மறையூர் ஏற்றத்தில் முழுச் சுமையோடு, குறைந்த அளவில் போனால் முதலில் காய்வது அந்த பேரிங்தான்.

லூஸ் ஆயில் வேண்டவே வேண்டாம். இந்த வகைப் பின் அச்சுகளில் பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். ஹைப்பாய்டு என்பார்கள். பல்லோடு பல் உருள்வது மட்டுமில்லை, பக்கவாட்டில் சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துபோகும். கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலந்த எண்ணெய்தான் தாங்கும். கிரவுன் ஆயிலில் வருகிற அந்தக் காட்டமான வாடை கந்தகத்துடையதுதான். டப்பாவில் ஏ.பி.ஐ. ஜி.எல். 5 என்ற கியர் ஆயில் தரம் போட்டிருக்க வேண்டும். ஜி.எல். 4 பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு, அதை இங்கே ஊற்றக்கூடாது. கியர்பாக்ஸுக்கு 4 கேட்டிருந்தால் அங்கே 5-ஐயும் ஊற்றாதீர்கள், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது.

80 டபிள்யூ 90-ஆ, 85 டபிள்யூ 140-ஆ என்பதைக் கையேடு சொல்லும். 90 என்ற எண்ணைப் பார்த்து இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு தடிமன் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். சூட்டில் 90 கியர் ஆயிலும் 40, 50 இன்ஜின் ஆயிலும் கிட்டத்தட்ட ஒரே தடிமனில்தான் ஓடும்.

மஸ்கட் ஹைலக்ஸ்

ஒரு சின்னச் சேர்க்கை. இங்கே நாங்கள் நான்கு சக்கர இழுவை பிக்கப் ஓட்டுகிறோம். அதில் பின்னால் மட்டுமில்லை, முன் அச்சிலும் ஒரு டிஃபரன்ஷியல் (கிரவுன் இருக்கிற பெட்டி), நடுவில் இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று மூன்று இடத்தில் பார்க்க வேண்டும், மூன்றுக்கும் ஒரே ஆயில் என்று எண்ண வேண்டாம். பின்னால் லிமிட்டட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் குறைக்கிற அமைப்பு) இருக்கிற வண்டி என்றால், உள்ளே கிளட்ச் தட்டுகள் இருக்கும் வகைக்குத் தனி ஆயில் அல்லது கூடுதல் மருந்து வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது கறகறவென்று அதிரும். சாதாரண இரு சக்கர இழுவை வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒட்டன்சத்திரம் சரக்கு

அண்ணே, இன்று காலையில் திறந்து பார்த்துவிட்டேன். சுண்டு விரலை மடக்கினால் நகம் மட்டும்தான் நனைகிறது. விளிம்புக்கும் எண்ணெய்க்கும் நடுவில் ஒரு விரல் கணு இடைவெளி. எண்ணெய் தேன் நிறத்தில், கொஞ்சம் கறுத்து இருக்கிறது. பிளக்கின் உள்முனையில் காந்தம் இருக்கிறது, அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை ஒட்டியிருந்தது. இது தேய்மானமா? பயமாக இருக்கிறது. ஊற்றிவிட்டு ஓட்டவா, இல்லை சர்வீஸுக்கு விடவா?

சங்ககிரி பட்டறை

பசைக்குப் பயப்பட வேண்டாம். புதுப் பற்கள் ஒன்றோடு ஒன்று உரசிப் பொருந்தும்போது வருகிற பொடி அது. விரல் நுனியில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் சரி. மணல் போல நறநறத்தாலோ, கண்ணுக்குத் தெரிகிற செதில், பல் துண்டு இருந்தாலோ வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், உங்களுக்கு அது இல்லை.

ஆனால் ஒரு கணு இடைவெளி புது வண்டிக்கு அதிகம். மூக்கில் பிசுக்கும் இருக்கிறது, அதனால் பினியன் சீல் வழியாகத்தான் போகிறது. கேள்வி என்னவென்றால், புது சீல் ஏன் விடுகிறது? ஹவுசிங்கின் மேல்பக்கம், அச்சுக் குழாய்மேல், காளான் மாதிரி சின்ன மூடி இருக்கும், அல்லது ஒரு ரப்பர் குழாய் மேலே போகும். அதுதான் பிரீதர். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அது வெளியேற வழி இதுதான். இது அடைத்தால் அழுத்தம் சீலைத்தான் தள்ளும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். மூடியை விரலால் சுற்றினால் லேசாகச் சுழல வேண்டும்.

ஒட்டன்சத்திரம் சரக்கு

கண்டுபிடித்துவிட்டேன் அண்ணே! மூடி சுற்றவே இல்லை. வண்டி எடுத்தவுடன் துருப் பிடிக்காமல் இருக்க வெளியில் ஒரு கடையில் அண்டர்கோட்டிங் அடித்தேன். அந்தக் கறுப்பு ரப்பர் பூச்சு அச்சுமேல் முழுவதும் படிந்து, பிரீதர் மூடியையும் சேர்த்து மூடியிருக்கிறது. கத்தி முனையால் சுற்றிலும் கீறியபோது புஸ் என்று காற்று வந்தது.

பல்லடம் கோழிவண்டி

இது எனக்கும் தெரியாது. என் வண்டியிலும் அண்டர்கோட்டிங் இருக்கிறது, இன்றைக்கே பார்க்கிறேன்.

சங்ககிரி பட்டறை

பார்த்துவிடுங்கள் இருவரும். அண்டர்கோட்டிங் அடிக்கிறவரிடம் பிரீதரில் டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். வாட்டர் சர்வீஸிலும் கவனம். மலை இறங்கி வந்த சூட்டோடு அச்சில் தண்ணீர் பீய்ச்சினால் உள்காற்று சட்டென்று சுருங்கும், பிரீதர் சரியில்லாவிட்டால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

தம்பி, இனி வேலையை இந்த வரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கில் இருக்கிற பிசுக்கைத் துடைக்கும் முன் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். விரல் அளவையும் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சர்வீஸ் சென்டரில், வேலையைப் பதிவு செய்கிற ஜாப் கார்டில் "பினியன் சீல் கசிவு, கிரவுன் ஆயில் குறைவு" என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது நிற்காது. அளவு பார்த்ததற்காக வாரண்டி போகும் என்று யாராவது சொன்னால் எந்த விதியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தப்பான ஆயில் ஊற்றினால்தான் அவர்கள் கைகாட்ட இடம் கிடைக்கும். அண்டர்கோட்டிங் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அவர்களே பார்த்துவிடுவார்கள்.

அதுவரை சுமை ஏற்றி மலைக்குப் போக வேண்டாம். வெறும் வண்டியாக சர்வீஸ் சென்டர் வரை ஓட்டுவதானால் சரியான ஆயிலை விளிம்பு வரை ஊற்றிவிட்டே போங்கள், ஊற்றிய டப்பாவையும் பில்லையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீல் மாற்றும்போது ஒன்றை மட்டும் கவனித்துக் கேளுங்கள். பினியன் நட்டைக் கழற்றித் திரும்பப் போடுவார்கள். அந்த நட்டின் இறுக்கம்தான் பினியன் பேரிங்கின் இறுக்கம். ஏர் கன்னால் தட்டி முறுக்கினால் பேரிங் பிடித்துக்கொள்ளும், தளர்த்தி விட்டால் பினியன் ஆடும். கம்பெனி சொன்ன முறையில் அளந்து இறுக்க வேண்டும்.

ஒட்டன்சத்திரம் சரக்கு

கொத்தனார் வைத்திருக்கிற லெவல் டியூபில் ஒரு துண்டு வாங்கி, ஆயில் டப்பா மூக்கில் மாட்டி, டப்பாவை பாடிக்குப் பக்கத்தில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊற்றினேன். ஆயில் தடிமன் என்பதால் மெதுவாகத்தான் இறங்கியது. டப்பாவை வெயிலில் கொஞ்ச நேரம் வைத்த பிறகு சுலபமாக ஓடியது. துளையிலிருந்து இழையாக வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, வழிவது நிற்கும் வரை விட்டு, புது வாஷர் போட்டு பிளக்கை மூடினேன்.

சர்வீஸ் சென்டரில் முதலில் யோசித்தார்கள். படங்களைப் பார்த்ததும் ஜாப் கார்டு போட்டார்கள். பிரீதர் புதிது போட்டதற்குப் பணம் வாங்கினார்கள், சீல் வாரண்டியில். நட்டை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பானர்) வைத்துத்தான் இறுக்கினார்கள், பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இப்போது மூணாறு போய் வந்துவிட்டேன், மூக்கில் வெறும் தூசிதான் இருக்கிறது.

இனி எப்போது பார்ப்பது அண்ணே?

சங்ககிரி பட்டறை

நல்லது தம்பி. ஒவ்வொரு இன்ஜின் ஆயில் மாற்றத்தின்போதும் மேல் பிளக்கைத் திறந்து விரல் விட்டுப் பாருங்கள், சின்ன வேலைதான். ஆயில் மாற்றுவதற்குக் கையேட்டில் சுமை வண்டிக்கும் மலை ஓட்டத்துக்கும் தனிக் கெடு போட்டிருப்பார்கள், உங்களுக்கு அந்தக் குறைந்த கெடுதான். முதல் மாற்றத்தை அதற்கும் முன்னாலேயே செய்துவிடுங்கள், அந்தச் சாம்பல் பசை முழுவதும் வெளியே போய்விடும். பினியன் சீல் மாற்றிய வண்டி என்பதால் வேகம் கொடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் ஊளை மாதிரி சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வந்தால் அன்றே, அதே ஜாப் கார்டோடு, திரும்பப் போய்க் காட்டுங்கள்.