ஜோக்கர் யாருடைய பிள்ளை?

மைக்கூடு:
பேட்மேனின் வில்லன் ஜோக்கரை உருவாக்கியவர், சந்தேகமே இல்லை, ஓவியர் ஜெர்ரி ராபின்சன்தான். 1940-ல் 'பேட்மேன்' முதல் இதழுக்கு ஒரேயடியாக நான்கு கதை வேண்டியிருந்தது. ராபின்சனுக்கு அப்போது 18 வயசு. சீட்டுக்கட்டு ஜோக்கரை வரைந்து நீட்டினார். பெயரும் அதிலிருந்தே வந்தது. பேட்மேன் ஓவியர் பாப் கேன் போட்டது கையெழுத்து மட்டும்.

பேனல்பித்தன்:
அவசரப்படாதீங்க தல. சீட்டில் இருப்பவன் குல்லாய்க் கோமாளி. காமிக்ஸில் வருபவனுக்குக் குல்லாயே கிடையாது. பின்னால் வாரிய முடி, காதுவரை இழுத்த வாய், வரிசைப் பல்: இது 1928-ல் வந்த 'த மேன் ஹூ லாஃப்ஸ்' படத்து கான்ராட் வைட்டின் முகம். அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தவர் பில் ஃபிங்கர். கதை எழுதியதும் அவரே. ராபின்சன் தந்தது வெறும் சீட்டு என்று கேனே சொல்லியிருக்கிறார்.

மைக்கூடு:
கேனை சாட்சிக்குக் கூப்பிடுறீங்களா? ஃபிங்கர் 1974-ல் செத்தார், 'பேட்மேனை உருவாக்கியவர்' என்ற வரியில் அவர் பெயர் ஏறியது 2015-ல். அதுவரை கேன் பெயர் மட்டும்தான்! போட்டோ வந்ததை ராபின்சனும் மறுக்கவில்லை. தன் படத்தைப் பார்த்த பிறகே ஃபிங்கர் அதைக் கொண்டுவந்தார் என்கிறார்.

பேனல்பித்தன்:
கேன் சாட்சி செல்லாது, சரி. ராபின்சன் மட்டும் மூன்றாம் மனிதரா? ஆளை விடுங்க, பக்கத்தைப் புரட்டுங்க. ரேடியோவில் குரல்: நள்ளிரவில் பணக்காரர் க்ளாரிட்ஜ் சாவார், வைரமும் போகும். வீட்டைச் சுற்றிப் போலீஸ். மணி பன்னிரண்டு, ஆள் இளித்தபடியே பிணம். விஷத்தை முந்தின ராத்திரியே ஏற்றியாச்சு, காவலுக்கு வேலையே இல்லை. சீட்டைப் பார்த்தால் இந்த மூளை தெரியுமா?

பழையபேப்பர்:
நீங்க ரெண்டு பேரும் பிறப்புச் சான்றிதழுக்கு அடிச்சுக்கிறீங்க. அவன் அதே இதழில் சாக வேண்டியவன். கடைசிக் கதையில் தன் கத்தியே தன் நெஞ்சில் பாய்ந்து விழுகிறான். வில்லன் திரும்பத் திரும்ப வந்தால் பேட்மேன் கையாலாகாதவன் ஆகிவிடுவான் என்பது ஃபிங்கரின் கவலை. ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த்தான் தடுத்து, ஆள் பிழைத்துவிட்டான் என்று டாக்டர் சொல்லும் ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னார்.

பேனல்பித்தன்:
பிழைத்து என்ன பயன்? கொஞ்ச வருஷத்தில் பல்லைப் பிடுங்கி விளையாட்டுத் திருடனாக்கிவிட்டார்கள். எல்லாரும் 1954 தணிக்கை விதியைத் திட்டுவார்கள். கொலைகள் அதற்கு வெகு முன்பே குறைந்தாச்சு.

பழையபேப்பர்:
அதனால்தான் 1973-ன் 'பேட்மேன்' 251-ஆம் இதழ் முக்கியம். எழுத்தாளர் டென்னி ஓ'நீலும் ஓவியர் நீல் ஆடம்ஸும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, 1940-ன் கொலைகாரனுக்கே திரும்பினார்கள். ஜோக்கரைக் காட்டிக்கொடுத்தவன் ஐந்து பழைய கூட்டாளிகளில் ஒருவன், அவன் தீர்த்துக்கட்டக் கிளம்புவதோ ஐந்து பேரையும். 1988-ல் பேட்மேனின் இளம் கூட்டாளி ராபின் சாகலாமா என்று தொலைபேசி வாக்கெடுப்பு வைத்தார்களே? சாகட்டும் 5,343, பிழைக்கட்டும் 5,271. வெறும் 72 வாக்கு. கொலையாளி யார்? அந்த டாக்டர் பிழைக்க வைத்தவன்தான்.

மைக்கூடு:
சரி, அந்தக் கட்டத்தை எல்ஸ்வொர்த் எடுத்துக்கொள்ளட்டும். சீட்டைத் தர மாட்டேன்.