வாரம் ஒரு பதிவு, வீட்டில் வாரம் ஒரு முணுமுணுப்பு

தொரப்பாடிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகக் கேட்டால் எல்லோரும் நேர மேலாண்மை பற்றிப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

வேலூர் தொரப்பாடியில் இருக்கிறேன். மூன்று வருடமாக வலைப்பூ எழுதுகிறேன். எங்கள் பக்கத்துச் சாப்பாடு, கோயில், பழைய சங்கதி என்று எது கையில் அகப்படுகிறதோ அது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பதிவு வந்துவிட வேண்டும். யாரும் கேட்டு வைத்த நாள் இல்லை, நானாக வைத்துக்கொண்டதுதான். ஆனால் இப்போது நாற்பது ஐம்பது பேர் அந்த நாளில் சரியாக வந்து பார்க்கிறார்கள், ஒரு வாரம் விட்டுப்போனால் "என்னம்மா, உடம்பு சரியில்லையா" என்று விசாரிக்கிறார்கள். அந்த விசாரிப்புக்காகவே எழுதுகிறேனோ என்று எனக்கே சில நேரம் சந்தேகம்.

வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் ஏ (காலை), ஒரு வாரம் பி (மதியம்), ஒரு வாரம் சி (ராத்திரி). பையன் பத்தாவது, பெண் நாலாவது, மாமியார் எங்களோடு. நான் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன், முகூர்த்த மாதம் வந்தால் தையல் மெஷின் மேல் துணி மலைபோல் கிடக்கும். இதற்கு நடுவில் புதன்கிழமை ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதுவேன். ஏ ஷிஃப்ட் வாரமென்றால் நாலு மணிக்கு எழுந்து அவருக்கு டப்பா கட்ட வேண்டும். மூன்று மணிநேரத் தூக்கம். மறுநாள் கை அளவு தப்பி ஒரு ரவிக்கையின் கழுத்தைப் பாழாக்கியிருக்கிறேன், துணிக்காரிக்குக் காசு திருப்பிக் கொடுத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. போன புதன்கிழமை நடந்ததுதான் மனசில் முள்ளாகக் குத்துகிறது. நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று காம்பில் முள்ளோடு நல்ல காயாக ஒரு கிலோ வாங்கி, மாமியாரைக் கடைசல் செய்யச் சொன்னேன். அவர் மத்தால் கடைந்து சட்டியோடு கொண்டுவந்து வைத்தார். நான் சட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், வெளிச்சம் போதவில்லை, வாசல் திண்ணைக்குக் கொண்டுபோனேன், முள்ளுக் காம்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்தேன், திரும்ப எடுத்தேன். இட்லி தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது, நாலு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். என் பெண் கேட்கிறாள், "ம்மா, படம் புடிச்சாச்சா, தொட்டுக்கலாமா?" மாமியார் என்னைப் பார்க்காமலே, "ஊருக்கெல்லாம் சுடச்சுட, வூட்டுக்கு ஆறினது" என்றார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அதுதான் அதிகம் வலித்தது.

நிறுத்திவிடுவதா, மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்வதா, இல்லை வேறு வழி இருக்கிறதா? எழுத்தை விட எனக்கு இஷ்டமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தையல் பிறருக்காக, சமையல் வீட்டுக்காக, இது ஒன்றுதான் எனக்காக.

ரயில்சிநேகம் எழுதியது:

அக்கா, நான் காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வருகிறவன். 130 கிலோமீட்டர், போக இரண்டு மணிநேரம், வர இரண்டு மணிநேரம், சில நாள் அதற்கு மேலும். என் எழுத்து முழுக்க அந்த ரயிலில்தான். அரக்கோணம் வருவதற்குள் ஒரு பத்தியாவது முடித்துவிடுவேன், அதற்கப்புறம் கூட்டம் ஏறிவிடும், கையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு யோசனை: போனில் பேசியே தட்டச்சலாம், தமிழ் நன்றாகவே எடுக்கிறது. இட்லி மாவு ஊற்றிக்கொண்டே பேசலாம். என்ன, கடைசல் என்று சொன்னால் எனக்குக் 'கடைசியில்' என்று வந்தது. திருத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று, வியாழன் ஆறு மணிக்குப் போட வேண்டும் என்பதற்காகப் புதன் ராத்திரிதான் எழுத வேண்டும் என்று இல்லை. பிளாகரில் பதிவு எழுதும் இடத்துக்கு வலப்பக்கம் தேதியும் நேரமும் குறிக்கிற வசதி இருக்கிறது. வரப்போகிற தேதியைக் குறித்துவிட்டால் அதுவே வெளியிட்டுக்கொள்ளும். நான் ஞாயிற்றுக்கிழமை போனைத் தொடுவதே இல்லை, ஆனால் என் பதிவு ஞாயிற்றுக்கிழமைதான் வரும். வீட்டில் யாருக்கும் அது தெரியவே தெரியாது.

ஆனாலும் ரயில் எனக்கு வாய்த்தது, உங்களுக்கு அப்படி ஒரு இரண்டு மணிநேரம் யார் தருவார்கள் என்பது கேள்விதான்.

எழுதாதவள் எழுதியது:

நான் எழுதுகிறவள் இல்லை, எழுதுகிறவரின் வீட்டுக்காரி. அந்தப் பக்கத்துக் கதையையும் ஒருத்தி சொல்ல வேண்டாமா?

எங்கள் வீட்டுக்காரருக்கு வேலூர்க் கோட்டைப் பைத்தியம். 1806 ஜூலை 10 விடியலுக்கு முன்னால் சிப்பாய்கள் எழும்பினதிலிருந்து ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்து அடக்கினது வரைக்கும் வீட்டில் சாம்பார் ஊற்றும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருப்பார். புதுத் தலைப்பாகை கொண்டுவந்ததும், நெற்றிக் குறியையும் தாடியையும் எடுக்கச் சொன்னதும்தான் பற்றிக்கொண்டது என்று எனக்கே இப்போது மனப்பாடம். அது பிரச்சினை இல்லை. அவர் எழுதுகிற நேரமும் பிரச்சினை இல்லை, ஒரு மணிநேரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளட்டும், நான் நிம்மதியாக என் வேலையைப் பார்ப்பேன். எழுதாத நேரத்திலும் எழுதிக்கொண்டே இருக்கிறாரே, அதுதான் பிரச்சினை. எதிரில் உட்கார்ந்து தலையாட்டுவார், நான் சொன்னதில் ஒன்றும் காதில் ஏறியிருக்காது.

அதைவிட ஒன்று நடந்தது. சின்னவள் கணக்கில் 17 மார்க் எடுத்ததை வேடிக்கையாக ஒரு பதிவாக்கிப் போட்டுவிட்டார். படித்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அதை அவள் வகுப்பு டீச்சரும் படித்திருக்கிறார், வகுப்பில் அன்போடுதான் கேட்டிருக்கிறார், ஆனால் நாற்பது பிள்ளைகள் முன்னால். குழந்தை இரண்டு நாள் அப்பாவிடம் பேசவில்லை. அன்றைக்கு வீட்டில் ஒரு சட்டம் வந்தது: யாரைப் பற்றி எழுதினாலும் அந்த ஆள் முதலில் படித்து சரி சொல்ல வேண்டும். சின்னவள் இப்போது ரொம்பக் கறார், முற்றுப்புள்ளியைக்கூடத் திருத்துகிறாள்.

தொரப்பாடி அக்கா, உங்கள் மாமியார் கோபப்பட்டது சாப்பாடு ஆறினதற்காக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கடைந்தது அவர் கை. பதிவில் அவர் பெயர் இருந்ததா, "எங்கள் வீட்டுக் கடைசல்" என்று மட்டும் இருந்ததா?

கௌண்டின்யா ஐயா எழுதியது:

குடியாத்தம். வயது 66. வலைப்பூக்களைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் காலத்து ஆள், 2005இல் ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் தினம் ஒன்று எழுதினால்தான் பதிவர் என்று நினைப்பு. திரட்டியின் முகப்பில் நம் பெயர் கொஞ்ச நேரம் தெரியும், அந்தக் கொஞ்ச நேரத்துக்காக ஒன்றரை வருடம் விடாமல் எழுதினேன். அதில் முக்கால்வாசியை இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்த ஒன்றரை வருடத்தில் என் பையன் சைக்கிள் கற்றுக்கொண்டான், பிடித்துக்கொண்டு ஓடியது பக்கத்து வீட்டுக்காரர்.

நாள் தவறினால் வாசகர் போய்விடுவார் என்று பயப்படாதீர்கள் அம்மா. பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவின கூகுள் ரீடரை 2013இல் மூடினபோது எல்லாம் போச்சு என்று நினைத்தோம், வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது மாதம் இரண்டு எழுதுகிறேன்.

நான் செய்வதைச் சொல்கிறேன். தேதி மாறாத விஷயங்களை முன்கூட்டியே ஊறுகாய் மாதிரி போட்டு வைத்துவிடுவேன். வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசு திருவிழா, அந்த நாளில் வீட்டில் இருபது பேர் சாப்பிடுவார்கள், எழுத உட்கார முடியுமா? அதைப் பங்குனியிலேயே முடித்துவிடுவேன். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் லிங்கம் திரும்பி வந்த கதை மாதிரி எந்த மாதத்திலும் போடக்கூடியதை ஐந்தாறு எழுதிக் கையிருப்பில் வைத்திருப்பேன். பேரப்பிள்ளைகள் வந்தால், உடம்பு படுத்தினால், அதிலிருந்து ஒன்றை எடுத்துப் போடுவேன். எடுத்தால் திரும்ப ஒன்றை எழுதி வைத்துவிட வேண்டும், அதில் மட்டும் சோம்பல் கூடாது.

மே மாதத்தில் புதிதாக எழுத முயற்சி செய்யாதீர்கள். பிள்ளைகள் வீட்டில், வெளியே அக்கினி நட்சத்திரம், கரண்டு எப்போது போகும் என்று தெரியாது. நம் ஊர் வெயிலில் எழுதின பதிவு எல்லாம் எரிச்சலாகத்தான் வரும்.

முள்ளுக்காம்பு எழுதியது:

ஒரே வரி. சட்டியைத் தொடாதீர்கள். சின்னக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முதலில் சாப்பிட உட்காருங்கள், படத்தில் ஆறினதும் சூடானதும் ஒரே மாதிரிதான் தெரியும்.

(சரி, இரண்டு வரி. எனக்கும் கொஞ்சம் கடைசல் வேண்டும்.)

சிப்காட் அண்ணி எழுதியது:

எல்லோரும் நல்லாத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் ஷிஃப்ட் ஆள் வீட்டில் இருந்தால்தான் இது புரியும். நான் பதினாறு வருடமாக இருக்கிறேன். தங்கச்சி, வியாழக்கிழமை என்பது மற்றவர்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கிற நாள். நம் வீட்டுக்கு வாரத்துக்கு ஏழு நாள் கிடையாது, 21 நாள். மூன்று வாரம் சுற்றி வந்தால்தான் நமக்கு ஒரு வாரம் முடிகிறது. அதில் போய் ஏழு நாளைக்கு ஒன்று என்று வைத்தால் மூன்றில் ஒன்று கட்டாயம் ஏ ஷிஃப்ட் ராத்திரியில் போய் விழும், அன்றைக்கு நீங்கள் தூங்காமல் ரவிக்கைக் கழுத்தைத் தப்பாக வெட்டத்தான் செய்வீர்கள்.

பி ஷிஃப்ட் வாரத்தைப் பாருங்கள். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து. கம்பெனி பஸ் ராணிப்பேட்டையில் கிளம்பி உங்கள் பக்கம் வர பதினொன்று ஆகும். பிள்ளைகள் ஒன்பதரைக்குப் படுத்துவிடும். சாப்பாடு போட நீங்கள் எப்படியும் விழித்திருக்கத்தான் போகிறீர்கள். நான் அந்த ஒன்றரை மணிநேரத்தில் சீரியல் பார்த்தேன், நீங்கள் எழுதுங்கள். ஐந்து நாளும் எழுத வேண்டாம், மூன்று நாள் போதும், ஒரு பதிவு முடிந்துவிடும். சி ஷிஃப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்குவார், டிவி போட முடியாது, மிக்சி ஓட்ட முடியாது, தையல் மெஷின் சத்தமும் ஆகாது. வீடு அப்படி அமைதியாக எப்போது இருக்கும்? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பத்திலிருந்து பன்னிரண்டு வரை எழுதலாம், இன்னொரு பதிவு. ஏ ஷிஃப்ட் வாரம் கையையே வைக்காதீர்கள். ராத்திரி ஒன்பதுக்குப் படுங்கள். மதியம் இரண்டுக்கு விட்டு அவர் மூன்றரைக்கு வீட்டில் இருப்பார், மூன்று வாரத்தில் அந்த ஒரு வாரம்தான் சாயங்காலம் புருஷன் கண்ணில் படுகிறான். அதையும் போனுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன?

21 நாளுக்கு இரண்டு பதிவு. எந்தக் கிழமை வரும் என்று கேட்கிறவர்களிடம், வரும்போது வரும் என்று சொல்லுங்கள்.

தொரப்பாடிக்காரி எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கணும். எல்லோருக்கும் நன்றி. சிப்காட் அண்ணி, உங்கள் பதிலை அவரிடம் படித்துக் காட்டினேன். "21 நாள்" என்ற இடத்தில் சிரித்துவிட்டு, அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த ஷிஃப்ட் அட்டவணையை எடுத்து பி வாரங்களுக்கெல்லாம் பையனின் பச்சைப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அவர் சுபாவம் அது. வட்டம் போட்டதே பெரிசு.

வியாழக்கிழமையை விட்டுவிட்டேன். அன்று காலை ஆறு மணிக்குக் கை தானாகப் போனைத் தேடியது, ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நான்கு பேர் விசாரித்தார்கள், அவ்வளவுதான். ஒருவர் விரிஞ்சிபுரம் கோயில் மதிலழகு பற்றி நான் இரண்டு வருடத்துக்கு முன் எழுதினதைப் படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஐயா சொன்ன ஊறுகாய் ஜாடி எனக்கு அங்கேயே இருக்கிறது போலிருக்கிறது.

எழுதாதவள் சகோதரிக்கு: நீங்கள் கேட்டது சுருக்கென்றது. போய்ப் பார்த்தேன், "எங்கள் வீட்டுக் கடைசல்" என்றுதான் இருந்தது. மாமியார் பெயர் எங்கேயும் இல்லை. மூன்று வருடத்தில் அவர் சொன்னதை வைத்து முப்பது பதிவாவது எழுதியிருப்பேன். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தப் பதிவை வாசித்தேன். அவர் சொன்ன வார்த்தையையும் சேர்த்துப் போடலாமா என்று பயந்துகொண்டே கேட்டேன். "போடேன், நான் இன்னா பொய்யா சொன்னேன்" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்து, "தக்காளிய கம்மி பண்ணி எழுது. கடைசலுக்கு அவ்ளோ புளிப்பு ஆகாது. அன்னைக்கு நீ வெட்டி வெச்சது ஜாஸ்தி, நான் சொல்லல" என்றார். அளவைத் திருத்திவிட்டேன், யாராவது பழைய அளவில் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் பி ஷிஃப்ட். இதை எழுதும்போது மணி பத்தே முக்கால், பஸ் வந்துவிடும், குழம்பைச் சுடவைக்கப் போகிறேன்.