கையால் தைத்த செருப்பு: இடதும் வலதும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் அது பிழையா?

வெள்ளவத்தை வாசி:
மும்பையில் வேலை செய்கிற மச்சான் லீவில் வந்தபோது ஒரு சோடி கோலாப்பூரி செருப்பு, அதுதான் மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் பக்கம் கையால் தைக்கிற தோல் செருப்பு, கொண்டுவந்து தந்தார். தடித்த எருமைத் தோல், தேன் நிறம், பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் உற்றுப் பார்த்தால் வலது செருப்பின் பின்னல் வார் இடதை விடக் கொஞ்சம் அகலம், தையல் குத்துகளுக்கு நடுவே இடைவெளி கூடிக் குறைந்து போகிறது, கால் வைக்கிற தோலில் நீளமாக ஒரு கோடு, நிறமும் இரண்டிலும் ஒன்றாக இல்லை. வீட்டில் எல்லோரும் "உன்ர மச்சானை ஏமாத்திப்போட்டாங்கள்" என்கிறார்கள். எனக்கு அந்த வித்தியாசங்கள்தான் பிடித்திருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதில் எது கைவேலையின் இயல்பு, எது மோசமான வேலை? கொழும்பு மழைக்கு இது தாங்குமா?

குத்தூசி:
நீங்கள் சொன்ன நாலும் நல்ல அறிகுறிகள்தான் தம்பி. அந்தக் கோடு அநேகமாக மாடு உயிரோடு இருக்கும்போது முள்ளிலோ வேலியிலோ கீறிக்கொண்ட தழும்பு. பல தொழிற்சாலைகளில் தோலின் மேற்பரப்பைத் தேய்த்து, மேலே சாயப்பூச்சு பூசி, இப்படியான அடையாளத்தையெல்லாம் மறைத்துவிடுவார்கள், அதனால்தான் கடையில் இருக்கிற சப்பாத்து எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன. கோலாப்பூரித் தோலைக் கருவேலம்பட்டை, கடுக்காய் போன்றவற்றில் ஊறவைத்துப் பதனிடுவது மரபு. ஒரே தோலிலும் முதுகுப் பக்கம் இறுக்கம், வயிற்றுப் பக்கம் தளர்வு, ஆகவே நிறம் ஒரே அளவில் ஏறாது. போடப் போட வெயிலும் எண்ணெயும் கால் வியர்வையும் சேர்ந்து கறுத்துக்கொண்டே வரும், கொஞ்ச காலத்தில் இரண்டும் தாமாகவே நெருங்கிவிடும். தையல் கண்ணளவில் போடுவது. இன்னொன்றும் பாருங்கள், மரபான கோலாப்பூரியில் ஆணி இருக்காது, அடித்தோல் அடுக்குகளைக்கூடத் தோல் வாராலேயே தைப்பார்கள். புரட்டிப் பார்த்து ஆணித் தலை ஏதும் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

மருதானைக்காரன்:
குத்தூசி சொன்னது சரி, ஆனால் "கைவேலை" என்று சொல்லி எல்லாவற்றையும் மன்னிக்கக் கூடாது. நல்ல கைக்குக் கட்டுப்பாடு உண்டு. தையல் விளிம்புக்கு மிக அருகில் போயிருந்தால் தோல் கிழியும். அடுக்குகளுக்கு இடையில் நகம் நுழைந்தால் அது சரியாகத் தைக்கப்படவில்லை. சமமான தரையில் வைத்து அமத்தினால் ஆடக் கூடாது. பெருவிரல் வளையம் இரண்டு செருப்பிலும் வேறு வேறு இடத்தில் இருந்தால் கால் நோகும், அதை அழகு என்று யாரும் சொல்ல முடியாது. வார் அகலம் ஒரு நூல் கூடுவது கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், காலுக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனை அக்கா:
ஒரு விசயம் சொல்லவேண்டும். 2019இல் கோலாப்பூரிக்குப் புவிசார் குறியீடு, அதாவது குறிப்பிட்ட இடங்களில் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது, மகாராஷ்டிரத்தில் நாலு மாவட்டம், கர்நாடகத்தில் நாலு மாவட்டம் சேர்த்து. 2025 ஜூனில் மிலான் பேஷன் மேடையில் பிராடா என்ற இத்தாலிய ஆடம்பர நிறுவனம் அதே சாயலில் செருப்பைக் காட்டியபோது, எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லவில்லை, எதிர்ப்பு வந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள். இந்தச் செருப்பைத் தலைமுறையாகச் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், தோல் தொட்ட கை என்று அவர்கள் கையில் தண்ணீர்கூட வாங்காத காலம் இருந்தது, எங்கள் பக்கத்திலும் செருப்பு தைக்கிறவரை எப்படி நடத்தினோம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையின் தடத்தை ரசிக்கிறோம் என்றால் விலை பேசும்போதும் அது தெரிய வேண்டும். தையல் கோணல் என்று காட்டி விலை குறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணாமார். புரட்டிப் பார்த்தேன், ஆணி இல்லை, ஆட்டமும் இல்லை. மழை விசயம்தான் மிச்சம்.

குத்தூசி:
மழையில் வேண்டாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை, இந்த மாதங்களில் வானத்தைப் பார்த்துப் போடுங்கள். நனைந்தால் துணியால் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள், வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். பொலித்தீன் பையில் கட்டி அலுமாரிக்குள் வைக்கவே வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும், காற்றுப் படுகிற தட்டில் வையுங்கள். பயந்துவிடாதீர்கள், எங்கள் ஈரக்காற்றில் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் அடிப்பாகம் வைத்த விலை கூடிய சப்பாத்துகூடப் போடாமல் வைத்தாலே உள்ளுக்குள் சிதைந்து பொடியாய் உதிர்கிறது, அதை அநேகமாகத் தூக்கி எறியத்தான் வேண்டும். இதில் ஒரு தையல் விட்டால் அந்தத் தையலை மட்டும் போட்டால் போதும். புறக்கோட்டைப் பக்கம் தெருவோரம் தைக்கிறவர்களிடம் கொடுக்கலாம், ஆணி அடிக்க வேண்டாம், பசை வேண்டாம், பழைய துளையிலேயே மெழுகு நூலால் தையுங்கள் என்று முதலே சொல்லிவிடுங்கள்.